பேணியில் நின்ற ஆல்

எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் அவா அதை ஒருக்காச் சுத்தித் திருப்பிப் பார்ப்பா. தேத்தண்ணிக் கோப்பை, விளக்குமாறு, பூசணிக்காய், எதெண்டாலும் சரி. எங்கட வீட்டுக்கு வாறபோது கதிரையைக் காட்டினால், அதைத் தூக்கி ஒரு கால்வாசி திருப்பிப் போட்டுவிட்டுத்தான் இருப்பா. "எல்லாத்துக்கும் ஒரு மொகம் இருக்குங்கக்கா. நாமதான் முதுகப் பாத்துட்டுப் போயிடுறோம்" எண்டு சொல்லுவா. எனக்கு அது எரிச்சல். நான் வைச்ச சாமானை வைச்ச மாதிரி விட்டால் என்ன?

அவாவின்ர பேரை நான் இதில் எழுதப் போறதில்லை. குட்டி மரங்களுக்கு ஒரு காட்சி நடத்தின நேரமும் அறிவித்தலில் தன்ர பேரைப் போட அவா விடேல்லை. "காட்சிக்கு வர்றது மரம்தானுங்க. நானா வர்றேன்?" எண்டு கேட்டா. அந்தச் சொல்லுக்கு நானும் கட்டுப்படுகிறேன்.

கனகராயன்குளத்தில் றோட்டை விட்டு உள்ளுக்கு வந்தால், குளத்துக்குக் கீழ எங்கட வளவு. ஒழுங்கைக்கு மற்றப் பக்கம் அவாவின்ர வளவு. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைச்சு வந்த ஆக்கள். அவா மலைநாட்டில் கலவரம் வந்தபோது தாய் தேப்பனோட உடுத்த உடுப்போட ஓடி வந்தவா. நாங்கள் காணிக்காரர். அவை எங்கட வயலில் கூலிக்கு நிண்டவை. இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல ஏலாது. சொல்லவும் களைப்பாத்தான் இருக்கு.

அந்த நாளில் எங்கட குசினிக்குப் பின்னால, வேலிக்கு நட்ட பூவரசங் கதியாலில ஒரு அலுமினியப் பேணி கொழுவி இருக்கும். வயல் வேலைக்கு வாற மலைநாட்டு ஆக்களுக்குத் தேத்தண்ணி அதில்தான். குடிச்சுப்போட்டு அவையே கழுவித் திரும்பக் கொழுவ வேணும். முந்தி அது எங்கட வீட்டுப் பேணிதான். கலியாணம் முடிச்ச புதுசில என்ர மனிசன் எங்கள் இரண்டு பேரின்ரயும் முதல் எழுத்தை அதில் வெட்டுவிச்சவர். கோயில் அன்னதானத்துக்குச் சாமான் இரவல் போனால் மாறிப்போகாமல் வீட்டுக்கு வர வேணுமே. பிறகு ஒருநாள் கிணத்துக்கட்டில விழுந்து வாய் நெளிஞ்சுது. நெளிஞ்சாப் பிறகு வேலிக்குப் போச்சு.

முதல் நாள் வந்தபோது அவாவுக்கு இருபது வயசு வரும். நான் எட்டத்தில நிண்டு மேலால ஊத்தினேன். அவா குடிக்கேல்லை. பேணியைச் சுத்திச் சுத்திப் பார்த்துக்கொண்டு நிண்டா.

"என்னடி, ஊத்தை எண்டு பாக்கிறியோ?" எண்டு கேட்டேன்.

"இல்லைங்கம்மா. எந்தப் பக்கம் வாய் வைக்கலாம்னு பாக்கிறேன்."

நெளிவில்லாத பக்கத்தைப் பிடிச்சு ஆறுதலாக் குடிச்சா. எங்கட எழுத்து வெட்டின பக்கம் என்னைப் பார்த்தபடி நிண்டுது. அண்டைக்கு நான் 'அம்மா'. 'அக்கா' ஆனது கன காலத்துக்குப் பிறகு, சண்டையில இடம்பெயர்ந்து போன முகாமில. அங்க ஒரே தறப்பாள் கூரைக்குக் கீழ இரண்டு குடும்பமும் மாசக்கணக்கா இருந்தம். புறம்பான பேணி வைக்க அங்க வேலியும் இல்லை, பேணியும் இல்லை. வெறும் பால்மாத் தகரம் ஒண்டில மாறி மாறிக் குடிச்சம். அதுக்குள்ள ஒருநாள் "அக்கா, நீங்க மொதல்ல குடிங்க" எண்டு நீட்டினா. நானும் "கொண்டா பிள்ளை" எண்டு வாங்கினேன். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைச்சதில்லை.

திரும்பி வந்து பார்த்தால் வீட்டில கூரை இல்லை. கதவுநிலை இல்லை, அலுமாரி இல்லை, கிணத்துக் கப்பி இல்லை. அந்தப் பேணி மட்டும் கதியாலில தொங்குது. பூவரசு தழைச்சு மரமாப் போய், பேணியின்ர காதை அரைவாசி விழுங்கி இருந்துது. அவா அதைக் கண்டு சிரிச்ச சிரிப்பு இப்பவும் என்ர காதுக்குள்ள நிக்குது. "ஊரையே வழிச்சு அள்ளிட்டுப் போயிருக்கான், இத மட்டும் ஒருத்தனும் தொடலைங்களே அக்கா!"

குசினிச் சுவர் வெடிப்புக்குள்ள ஒரு ஆலங்கன்று முளைச்சிருந்துது. ஒரு முழம் வரும். வீடு திருத்த வந்த மேசன் கையை எடுத்துக் கும்பிட்டுப்போட்டு, "ஆலில நான் கத்தி வைக்கமாட்டன் அம்மா. பிள்ளை குட்டிக்காரன்" எண்டான். நானும் வைக்கமாட்டேன். விட்டால் சுவர் பிளக்கும். இரண்டு கிழமை வேலை நிண்டுபோச்சு.

அவா தன்ர தேப்பனின்ர கவ்வாத்துக் கத்தியோட வந்தா. தேயிலைச் செடி வெட்டுற கத்தி அது, நுனி வளைஞ்சிருக்கும். மலையில இருந்து ஓடி வரேக்க அந்த மனிசன் கொண்டு வந்த ஒரே சாமான். மூண்டு நாள், காலமையில இருந்து மத்தியானம் வரைக்கும், சுவருக்கு முன்னால குந்தியிருந்து கல்லைச் சுரண்டி, வேரை ஒவ்வொண்டா அவிட்டு எடுத்தா. கடைசி வேர் ஒரு செங்கல் துண்டைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வந்துது. அதையும் விடேல்லை. கல்லோடயே எடுத்தா. பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பேணிய எனக்குத் தாங்கக்கா" எண்டா.

ஏன் எண்டு நான் கேட்கேல்லை. அது என்ர கண்ணில படாமல் போனால் போதும் எண்டு இருந்துது. பூவரசில இருந்து கிண்டி எடுத்து, அடியில மூண்டு ஓட்டை போட்டு, கல்லையும் ஆலையும் அதுக்குள்ள இருத்திக்கொண்டு போனா.

மரத்தை வளர விடாமல் பேணிக்குள்ள அடைச்சு வைக்கிறது பாவம், குடும்பத்துக்கும் கூடாது எண்டு நான் பல தரம் சொல்லியிருக்கிறேன். ஒருக்கா அவா திருப்பிக் கேட்டா: "தேயிலை என்னா மரம்னு தெரியுங்களா அக்கா? விட்டா இந்தப் பூவரசு ஒசரம் போகும். இடுப்புக்கு மேல வளர விடாம எங்க அப்பா ஆயுசு பூரா வெட்டினாரு. நீங்க காலையில குடிச்சீங்களே, அது அப்படி வெட்டின மரந்தான்." சொல்லிப்போட்டுக் கோப்பையை ஒரு கால்வாசி திருப்பி வைச்சா.

பிறகு எத்தினையோ குட்டி மரம் வளர்த்தா. புளி, விளாத்தி, தேசி, பாலை. ஆர் கேட்டாலும் தூக்கிக் குடுத்திடுவா. பேணி ஆலை மட்டும் குடுக்கேல்லை.

கொரோனாவோட ஊர் பூட்டினபோதுதான் இந்தக் காட்சிக் கதை துவங்கினது. அவாவின்ர தங்கச்சியின்ர மகள் மலையில இருந்து அனுப்பின போனில எங்கெங்கயோ உள்ள ஆக்களின்ர பொன்சாய் மரங்களைப் பார்க்கப் பழகிவிட்டா. போனிலயே நடத்துற பெரிய காட்சி ஒண்டுக்கு ஆலின்ர படத்தை அனுப்பினா. மரம் நல்லம், ஆனால் சட்டி முறையான சட்டி இல்லை எண்டு மறுமொழி வந்துது. அவா கோவிக்கேல்லை. போனைத் திருப்பி முதுகைப் பார்த்தா, திரும்பவும் திருப்பினா. "அப்ப நாமளே ஒண்ணு வைப்போங்கக்கா. யாரு வேணும்னாலும் வரட்டும், எந்தச் சட்டியோடயும் வரட்டும்."

எங்கட வளவுகளில சிக்னல் இல்லை. குளக்கட்டில மருதமரத்தடிக்குப் போனால்தான் போன் வேலை செய்யும். இரண்டு மாசம் நாளாந்தம் பின்னேரம் அங்கதான். எனக்கு முழங்கால் ஏலாது, எண்டாலும் தனிய விட மனமில்லாமல் பின்னால இழுபட்டுப் போனேன். போனில குழு ஒண்டைத் துவக்கி, மூண்டு வரிசை வைச்சா. புதுசாத் தொட்டவங்க, கொஞ்சம் கை வந்தவங்க, கன காலம் வளர்த்தவங்க. பரிசு கிடையாது. ஒவ்வொரு மரத்துக்கும் கீழ இரண்டு வரி. வளர்த்தவர் அந்த மரத்தைப் பற்றி ஒரு உண்மை சொல்ல வேணும், அவ்வளவுதான். படம் எடுக்கிறதுக்கும் சட்டம் இருந்துது. காலமை வெயில், பின்னுக்கு வெறும் சீலை, மரத்தின்ர மட்டத்துக்குக் குனிஞ்சு எடுக்க வேணும். எல்லாத்துக்கும் முதல், மரத்தைச் சுத்தித் திருப்பி அதின்ர முகத்தைக் கண்டுபிடிக்க வேணும்.

சட்டத்தை ஆர் கேட்டது? மாங்குளத்துச் சைக்கிள்கடைக்காரர் தன்ர புளியமரத்தை ஒரு புது லுமாலாச் சைக்கிளின்ர கரியரில கட்டிவைச்சுப் படம் அனுப்பினார். "மரம் பின்னால இருக்குதுங்க, சைக்கிள் முன்னால இருக்கு. எது காட்சிக்கு வருது?" எண்டு கேட்டா. "இரண்டும்தான் அக்கா, சைக்கிள் விலைக்கும் இருக்கு" எண்டார் அந்த மனிசன். ஒருத்தி பிளாஸ்ரிக் மரத்தை அனுப்பினாள். அதைக்கூட அவா துரத்தேல்லை. "அடுத்த வருஷம் கொஞ்சம் உசுர் குடுத்துக் கூட்டிட்டு வாங்கம்மா" எண்டு குரல் அனுப்பினா. காலமை வணக்கம், இரவு வணக்கம், சாமிப் படம், கை வைத்தியம் எண்டு குழுவுக்குள்ள வந்து குவியுறதை எல்லாம் வழிச்சுத் துடைக்கிறதே ஒரு வேலை. எனக்குப் பார்க்கவே அலுத்துப்போகும். அவாவுக்கு ஒரு கண் மங்கல் வேற. போனை மூக்கில முட்ட வைச்சுப் பார்ப்பா.

வவுனியாவில ஒரு ரீச்சர், தன்ர மரத்தை இரண்டாம் வரிசையில போட்டது எண்டு போனில ஏறி விழுந்தா. "பன்னிரண்டு வருசம் வளர்த்த மரம். ஒரு படிப்பும் இல்லாத நீங்கள் ஆர் எனக்கு வரிசை சொல்ல?" எண்டு கேட்டது எனக்கும் கேட்டுது. நான் போனைப் பறிச்சு இரண்டு சொல்லுச் சொல்லப் போனேன். அவா கையைத் தட்டிவிட்டா. "டீச்சர், சட்டிய ஒரு கால்வாசி திருப்பிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்புங்களேன். கோவிச்சுக்காம." அடுத்த நாள் படம் வந்துது. பின்னுக்கு ஒளிச்சிருந்த கொப்பு ஒண்டு, ஆள் கை நீட்டின மாதிரி முன்னுக்கு நிக்குது. பின்னால ரீச்சரின்ர குரல்: "அம்மா, பன்னிரண்டு வருசமா நான் இதின்ர முதுகையெல்லோ பார்த்துக்கொண்டிருந்தனான்." மூண்டாம் வரிசைக்கு ஏத்தினா.

தன்ர ஆலை மட்டும் முதல் வரிசையில போட்டா. புதுசாத் தொட்டவங்க. "உனக்கென்ன விசரோ?" எண்டு கேட்டேன். "நான் இன்னும் படிச்சு முடிக்கலைங்கக்கா" எண்டா. எனக்கும் ஒரு புளியங்கன்று சிரட்டையில வைச்சுத் தந்திருந்தா. அதையும் போடுங்கோ எண்டு கேட்டா. எந்த வரிசை எண்டு கேட்டேன். முதல் வரிசை. "எழுபது வயசில என்னைப் பாலர் வகுப்பிலயோ இருத்தப் போறாய்? எனக்கு உந்தக் காட்சியே வேண்டாம்." நான் போடேல்லை. அந்த இடத்தை அவா குழுவில வெறுமையா விட்டு வைச்சிருந்தா எண்டு பிறகுதான் அறிஞ்சேன்.

காட்சிக்கு ஒரு கிழமை இருக்கேக்க வவுனியா ஆசுப்பத்திரியில மங்கல் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்யத் திகதி குடுத்திட்டினம். போக முன்னம் பேணி ஆலைக் கொண்டுவந்து என்ர விறாந்தையில வைச்சா.

"தண்ணி மட்டும் தெளிங்கக்கா. வேற ஒண்ணும் செய்ய வேணாம். ஒண்ணையும் தொட வேணாம்."

தொட வேண்டாமாம். என்ர வீட்டில, எனக்கு! எண்டாலும் "சரி, போட்டு வா" எண்டேன்.

மூண்டு நாள் பார்த்துக்கொண்டு இருந்தேன். மரம் வடிவுதான். ஒரு சாண் உயரத்தில பெரிய ஆல் மாதிரியே கை விரிச்சு நிக்குது. ஆனால் அது நிண்ட கோலம்! அடியெல்லாம் பச்சைப் பாசி. பேணி கறுத்துப்போய்க் கிடக்கு. ஒரு கொப்பில இருந்து பப்பாசிக் குழல் ஒண்டு தொங்குது, பாதி அழுகினது, சுத்திவரப் பொலித்தீன், நூல் கட்டு. கனடாவில இருக்கிற மகளும் காட்சி பார்க்கப் போறன் எண்டு சொல்லியிருந்தாள். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போற மரத்தை முகம் கழுவாமலோ அனுப்புறது? ஆரும் வீட்டுக்கு வாறதெண்டால் முற்றம் கூட்டி, நிலை துடைச்சு வைக்கிற கை இது. சும்மா இருக்குமே?

நாலாம் நாள் காலமை கிணத்தடிக்குக் கொண்டுபோனேன். தும்பால தேய்ச்சுப் பாசி முழுக்கக் கழட்டினேன். பழப்புளியும் சாம்பலும் போட்டுப் பேணியை மினுக்கினேன். வெள்ளி மாதிரி வந்துது. கடைசியா அந்த ஊத்தைக் குழலைப் பிடிச்சு இழுத்தேன். அதுக்குள்ள வெள்ளையா, நூலிலும் பார்க்கக் கொஞ்சம் மொத்தமா ஒண்டு இருந்துது. அதுவும் சேர்ந்து அறுந்து வந்துது.

கையில வைச்சுப் பார்த்தபோதுதான் விளங்கினது. விழுது. எங்கட வெயிலுக்கு விழுது காய்ஞ்சு போகும் எண்டு, குழலுக்குள்ள ஈரம் வைச்சு, குழல் அழுக அழுக மாத்தி மாத்தி, நாலு வருசமா அதை மண்ணுக்கு இறக்கிக்கொண்டு வந்திருக்கிறா. மண்ணைத் தொட ஒரு விரல்கடை மிச்சம்.

நான் கிணத்துக்கட்டில குந்தினேன்.

காட்சிக்கு முதல் நாள் மத்தியானம், ஒரு கண்ணில மூடி கட்டினபடி அவா வந்திறங்கினா. கை கழுவிப்போட்டு நேரே மரத்தடிக்குத்தான் போனா. கண்ணால பார்க்கேல்லை. விரலால தடவினா. அடியைத் தடவினா, பேணியைத் தடவினா, பிறகு அந்தக் கொப்பைத் தடவி, விழுது இருந்த இடத்தில விரலை வைச்சபடி நிண்டா.

"குரங்கு வந்தது பிள்ளை" எண்டேன். "நான் குசினிக்குள்ள நிண்டனான். ஓடி வாறதுக்கிடையில இழுத்துப் போட்டுது." எங்கட பக்கம் குரங்குக் கரைச்சல் இல்லாத வீடு இல்லை. நம்பக்கூடிய கதைதான்.

அவா மினுங்கின பேணியில விரலை ஒருக்காச் சுத்தி ஓட்டினா.

"நல்ல சுத்தமான குரங்குங்கக்கா" எண்டா.

அவ்வளவுதான். நான் தேத்தண்ணி ஊத்துற சாட்டில குசினிக்குள்ள போயிட்டேன். வெளியில வந்து பார்த்தால், விறாந்தை நிலத்தில குந்தியிருந்து பேணியைக் கால்வாசி கால்வாசியாத் திருப்பிக்கொண்டிருக்கிறா. முந்தின முகம் போச்சு. விழுது இறங்கின பக்கம்தான் அதின்ர முகம். இப்ப அங்க ஒரு காயம் மட்டும். முழுக்கச் சுத்தி, நேர் பின்பக்கம் வந்தவுடன் நிப்பாட்டினா. அந்தப் பக்கம் செங்கல் துண்டை வேர் கட்டிப் பிடிச்சிருந்த வடிவு, இத்தனை வருசம் நான் காணாதது. அதுக்குக் கீழ, பேணியில, எங்கட இரண்டு எழுத்தும். நான் மினுக்கின மினுக்கில, நேற்று வெட்டின மாதிரிப் பளிச்செண்டு.

"உந்தப் பக்கம் வேண்டாம் பிள்ளை."

"ஏங்க?"

"எழுத்துத் தெரியுது."

"உங்க வீட்டு எழுத்துதானுங்களே."

அந்தப் பேணி என்ன பேணி எண்டு ஊரில பழைய ஆக்களுக்குத் தெரியும். என்ர மகளுக்கும் தெரியும். "வேற சட்டியில மாத்தேலாதோ?" எண்டு கேட்டேன். "இப்ப மாத்தினா செத்துடுங்க" எண்டா. பிறகு அந்த ஒரு கண்ணால என்னைப் பார்த்துச் சொன்னா: "உங்களுக்கு வேணாம்னா போடலைங்கக்கா. நீங்க சொல்லுங்க. இது நீங்க தந்த பேணி."

இந்த மரத்தைச் சேர்க்கமாட்டம் எண்டு வேற இடத்தில சொன்னதாலதான் அவா இந்தக் காட்சியையே துவக்கினவா. ஊர் முழுக்க உள்ள மரத்துக்கு இடம் குடுத்துப்போட்டு, தன்ர மரத்தை என்ர வாய்ச்சொல்லுக்கு விட்டிட்டு இருக்கிறா. என்னை ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். ஏசேல்லை.

"போடு" எண்டேன். இன்னொருக்காச் சொன்னேன்.

நாலு நாள் காட்சி. கடைசி நாள் பின்னேரம் எல்லாரும் வீடியோவில சேர்ந்தினம். குளக்கட்டில போனை ஒரு கல்லில சாத்தி வைச்சு, அவாவும் நானும் பக்கத்தில பக்கத்தில இருந்தம். நாற்பது சொச்சம் மரம். ஒவ்வொண்டா வந்து போச்சு. கடைசியா ஆல் வந்துது. ரீச்சர்தான் முதல், "கடவுளே, அந்தக் கல்லைப் பிடிச்சிருக்கிற பிடியைப் பாருங்கோ" எண்டா.

சைக்கிள்கடைக்காரர் கேட்டார்: "அக்கா, பேணியில என்ன எழுத்து அது? ஆரின்ர பேர்?"

சட்டப்படி வளர்த்தவர் ஒரு உண்மை சொல்ல வேணும். ஆனால் அவா மெல்லப் போனைத் திருப்பினா. திரையில என்ர முகம் பெரிசா வந்துது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கினம். திரையின்ர மூலையில மகளின்ர முகம்.

"அதில விழுது ஒண்டு இருந்தது" எண்டேன். "அதை அறுத்தது நான். பாசியைக் கழுவினதும் நான். குரங்கில்லை."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். ரீச்சர் தானும் ஒருக்கா அப்பிடிப் பாசி கழுவின கதையைத் துவக்கினா. எழுத்துக் கதை அதுக்குள்ள அமுங்கிப் போச்சு. அமுங்கட்டும் எண்டுதான் நானும் அதைச் சொன்னது. சின்னக் களவை ஒத்துக்கொண்டு பெரிய களவை மறைச்சது அவா ஒருத்திக்கு விளங்கியிருக்கும். வீட்டுக்கு நடக்கேக்க, முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கக்கா எண்டு மட்டும் சொன்னா.

அண்டைக்கே மகள் போன் எடுத்தாள். "அம்மா, அது எங்கட வேலிப் பேணியெல்லோ?"

"ஓம்."

"அவாவுக்கு அது என்ன பேணி எண்டு ஞாபகம் இருக்குமோ?"

"நீ போனை வை" எண்டு சொல்லிப்போட்டேன்.

பிறகு இரண்டு மாரி போச்சு. கண் பார்வை திரும்பவும் இறங்க, தங்கச்சியின்ர மகள் வந்து அவாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போற அண்டு ஆலைக் கொண்டுவந்து விறாந்தையில வைச்சா. இந்தமுறை, தொடாதீங்க எண்டு சொல்லேல்லை. "பாத்துக்குங்கக்கா" எண்டா. பஸ் ஏறின பிறகும் யன்னல் சீற்றில இருந்துகொண்டு, தன்ர பையைத் திருப்பித் திருப்பி மடியில வைச்சது எனக்குத் தெரிஞ்சுது.

போன வருசம் அங்கேயே கண்ணை மூடிட்டா. போனிலதான் சொன்னவை. இந்த முழங்காலோட அந்த மலைக்கு நான் எப்பிடிப் போறது? போகேல்லை. கிடத்தி வைக்கேக்க அவாவின்ர முகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைச்சினமோ, எனக்குத் தெரியாது.

மரம் என்னட்டை நிக்குது. உண்மையைச் சொன்னால், கன நாள் எழுத்துப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பித்தான் வைச்சிருந்தேன். ஆரும் வந்தால் கேட்பினம், மறுமொழி சொல்ல வேணும், எனக்கு அலுப்பு. ஆனால் சுவர்ப் பக்கம் வெயில் படாமல் இலை மஞ்சளிச்சுது. திருப்பினேன். இப்ப அந்தப் பக்கத்தால புது விழுது ஒண்டு இறங்குது. பப்பாசிக் குழல் வெட்டிக் கட்டியிருக்கிறேன், பொலித்தீனும் சுத்தி. பாசியும் வந்திட்டுது. பார்க்க ஊத்தையாத்தான் இருக்கு. இருக்கட்டும்.

இந்த வருசக் காட்சியைச் சைக்கிள்கடைக்காரர் நடத்துறார். அவா இல்லாத குழுவில காலமை வணக்கம் குவிஞ்சு போய்க் கிடக்கு. போன கிழமை எனக்குப் போன் எடுத்தார்.

"அம்மா, அக்காவின்ர ஆல் இல்லாமல் எப்பிடி? படம் ஒண்டு அனுப்புங்கோ. எந்த வரிசையில போட?"

"முதல் வரிசை" எண்டேன். "புதுசாத் தொட்டவை."

"நீங்களோ அம்மா?" எண்டு சிரிச்சார்.

"நான்தான். ஏன், ஆகாதோ?"

காலமை வெயிலில வைச்சு, பின்னுக்குச் சீலை கட்டி, முழங்கால் நோக நோகக் குந்தியிருந்து, பேணியைக் கால்வாசி கால்வாசியாத் திருப்பினேன். முகம் அந்தப் பக்கம்தான். வேற எங்க வைச்சுப் பார்த்தாலும் அந்தப் பக்கம்தான். படத்தை எடுத்து, கீழ இரண்டு வரி எழுதினேன். மூண்டாம் வகுப்புப் படிச்ச கை, அந்தச் சின்ன எழுத்துகளைக் குத்தி முடிக்க ஒரு காலமை போச்சு.

'இது எங்கட வீட்டுப் பேணி, எழுத்து எங்கட எழுத்து. இந்த மரத்தை வளர்த்தவாவுக்கு, எங்கட கோப்பையில குடுக்க மனமில்லாமல், வேலியில கொழுவி வைச்சுத் தேத்தண்ணி குடுத்த பேணி.'

குளக்கட்டுக்குப் போய் அனுப்பிப்போட்டு, ஆர் என்ன சொல்லுவினமோ எண்டு போனைக் கவிட்டு வைச்சேன். கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்து, நிமிர்த்தி வைச்சேன்.